வன்னியில் கூலி வேலையிலிருந்து தொழிற் சான்றிதழுக்கும் அடுத்த பதவிக்கும்: முழுமையான வழிகாட்டி

புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ பதினைந்து வருடமாகச் சுவர் கட்டிவரும் ஒரு மேசன், கம்பனி எடுத்த கட்டடத்துக்கு வேலைக்குப் போனால் பெரும்பாலும் கூலியாளின் சம்பளத்தில்தான் தொடங்குகிறார். மேற்பார்வையாளர் கேட்பது சான்றிதழ். அவரிடம் இருப்பது கைப்பழக்கம். இன்னொரு வீட்டில் ஒரு தாயின் பெட்டியில் நான்கைந்து சான்றிதழ்கள் இருக்கும்: தையல், கேக், அழகுக்கலை, காளான் வளர்ப்பு. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய கிராமங்களுக்கு வந்த குறுகியகாலப் பயிற்சிகளில் கிடைத்தவை அவை. அவற்றில் ஒன்றைக்கூட வேலைக்கு ஆள் எடுப்பவர் திறந்து பார்ப்பதில்லை. முதலாமவரிடம் தொழில் இருக்கிறது, அதை நிரூபிக்கும் கடதாசி இல்லை. இரண்டாமவரிடம் கடதாசி இருக்கிறது, அது எந்தப் பதவிக்கும் கொண்டுபோவதில்லை.

ஆகவே "என்ன பயிற்சி நடக்கிறது?" என்று தேடத் தொடங்க வேண்டாம். நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கு அடுத்த படி எது, அந்தப் படியில் ஆள் எடுப்பவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கில்தான் போகிறது.

முதலில்: அடுத்த படியைக் குறியுங்கள்

ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். இப்போது செய்யும் வேலை. அதே இடத்தில் உங்களுக்கு ஒரு படி மேலே நிற்பவரின் வேலை. அவரால் செய்ய முடிந்து உங்களால் முடியாத விடயங்கள். மூன்றாவது வரியை ஊகித்து எழுதாமல் அவரிடமே கேட்டு எழுதுங்கள். மேசனுக்கு அது வரைபடம் வாசிப்பதும் பொருட்கணக்குப் போடுவதுமாக இருக்கும். வயறிங் செய்பவருக்குப் பரிசோதனைக் கருவி பிடிப்பது. ஆடைத்தொழிற்சாலை இயந்திர இயக்குநருக்கு லைனின் உற்பத்திக் கணக்கும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நாலு வரி அறிக்கையும். கராஜில் நிற்பவருக்கு மின்சுற்றுக் கோளாறு கண்டுபிடிப்பது.

இந்த மூன்றாவது வரிதான் உங்கள் பயிற்சித் தேவை. ஒரு பாடநெறியின் உள்ளடக்கத்தில் அந்த விடயம் இல்லை என்றால், இலவசமாகக் கிடைத்தாலும், நாளுக்குக் கொடுப்பனவு தந்தாலும் அதற்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கூலி இழந்து போகும் ஒவ்வொரு நாளும் குடும்பத்தின் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் நாள்.

என்.வி.கியூ மட்டங்கள்: எது எதற்கு உதவும்

இலங்கையில் தொழிற் சான்றிதழ்களின் அளவுகோல் தேசிய தொழிற் தகைமை, எல்லோரும் சொல்லும் பெயரில் என்.வி.கியூ. ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை தேசியச் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மட்டம் 2இல் இருப்பவர் ஒருவரின் கண்காணிப்பில் வேலை செய்பவர். மட்டம் 4 என்றால் தனியாக நின்று ஒரு வேலையை முழுதாக முடிக்கக்கூடிய தொழிலாளி. சம்பளத்தில் உண்மையான மாற்றம் பெரும்பாலும் 3இலிருந்து 4க்குப் போகும்போதுதான் வருகிறது. 2ஐ எடுத்துவிட்டு அதோடு நின்றுவிடுவது வன்னியில் அடிக்கடி நடக்கிறது.

பொறுப்பான அமைப்பு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. பயிற்சி கொடுக்கும் எந்த நிறுவனமும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு: நிறுவனத்தின் பதிவு வேறு, குறிப்பிட்ட பாடநெறிக்கான தராதர அங்கீகாரம் வேறு. "நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்று சொல்லிவிட்டு, அங்கீகாரம் இல்லாத பாடநெறிக்குப் பணம் வாங்க முடியும். சேர்வதற்கு முன் இரண்டு இலக்கங்களையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அது அவருடைய வேலைக்குள் வரும் விடயம்.

ஆவணங்கள்: பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள்

இடப்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்த குடும்பங்கள் நிறைய. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்த பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் முடிவுத் திகதி போய்விடும். அரச நிலையங்களில் புதிய அனுமதி பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும். ஜனவரிக்கான விண்ணப்பக் காலம் மாரி மழையோடு வருகிறது; உள்வீதிகளில் வெள்ளம் நிற்கும் நாட்களில் பிரதேச செயலகத்துக்கு நாலு முறை அலைய முடியாது. ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே கோப்பை ஆயத்தமாக வைத்திருங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிட நற்சான்றுப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், இருந்தால் சாதாரண தரப் பெறுபேறு, வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். பிறப்பு பதியப்படாமலே இருந்தால் உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் எடுக்கும் வழி பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உண்டு. சாதாரண தரப் பெறுபேறு தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். தோற்றிய ஆண்டும் சுட்டெண்ணும் தேவை. சுட்டெண் நினைவில்லை என்றால் முதலில் பாடசாலையைக் கேளுங்கள். பாடசாலையின் பதிவேடே போரில் அழிந்திருந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

அதிகம் தாமதப்படுத்துவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மாத்திரம். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று இடத்தில் மூன்று விதம். எல்லா விண்ணப்பத்திலும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்கள். வேறுபாடு இருந்தால் "இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்ற சத்தியக் கடதாசியை சமாதான நீதவான் முன்னிலையில் முடித்துக் கோப்பில் வையுங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் வைத்திருப்பவர் ஒரே இலக்கத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். சான்றிதழ் அச்சான பிறகு பெயரைத் திருத்துவது பெரிய அலைச்சல்.

வேலை தெரிந்தவருக்கு: ஆர்.பி.எல் வழி

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மீண்டும் ஆறு மாதம் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல், சுருக்கமாக ஆர்.பி.எல், என்ற வழியில், நீங்கள் வேலை செய்து கற்றதைப் பரிசோதித்து அதே என்.வி.கியூ சான்றிதழைத் தருவார்கள். சாதாரண தரம் சித்தியடையாதவரும் இதில் போகலாம். சான்றிதழைப் பார்த்து, வகுப்பில் படித்ததா வேலையில் கற்றதா என்று யாரும் தரம் பிரிப்பதில்லை. வன்னியின் மேசன், ஓடாவி, வயறிங், பைப், வெல்டிங், கராஜ் தொழிலாளர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கதவு வேறு இல்லை. ஆனால் அதிகம் பேசப்படாத கதவும் இதுதான்.

செலவுக் கணக்கைப் பாருங்கள். நாட்கூலி 2,500 ரூபா, மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத முழுநேரப் பயிற்சிக்குப் போனால் 300,000 ரூபா வருமானம் நிற்கும். ஆர்.பி.எல் வழியில் விண்ணப்பிக்க, நேர்முகத்துக்கு, பரீட்சைக்கு என்று ஐந்து நாள் இழந்தாலும் 12,500. மதிப்பீட்டுக் கட்டணம் தொழிலையும் மட்டத்தையும் பொறுத்து இருக்கும்; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கொடுக்கும் இடங்கள்: தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் (நைட்டா) மாவட்ட அலுவலகம், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம். போகும்போது உங்கள் தொழிலுக்கான தேசிய தேர்ச்சித் தரத்தை, அதாவது அலகுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஆயத்தப்படுத்த முடியாது. ஒவ்வொரு அலகுக்கும் நேரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: அடிக்கடி செய்கிறேன், எப்போதாவது செய்திருக்கிறேன், செய்ததே இல்லை. கடைசி வகையில் இருப்பதைப் பரீட்சைக்கு முன் யாரோடாவது நின்று கற்க வேண்டும்.

அடுத்தது சான்றுக் கோப்பு. நன்றாகச் செய்த கோப்பு நேர்முகத்திலேயே பாதி வேலையை முடித்துவிடும். ஒவ்வொரு வேலையிலும் மூன்று கட்டத்தில் படம் எடுங்கள்: தொடக்கம், நடுவில், முடிவு. நடுப்படத்தில் நீங்கள் கருவியோடு, முகம் தெரியும்படி நிற்க வேண்டும். முடிந்த வீட்டின் முன்னால் நின்று எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. படத்தின் பின்னால் இடம், மாதம், செய்த வேலை, யாருடைய வீடு என்று எழுதுங்கள். பத்து நல்ல படம் போதும்.

சேவைக் கடிதத்தில் இருக்க வேண்டியது: உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன வேலைகள், கொடுப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம். "இவர் நல்லவர், நன்றாக வேலை செய்வார்" என்ற கடிதம் பயன்படாது. "தரைமட்டம் முதல் கூரை வளை வரை கல் கட்டினார், உள்பூச்சும் வெளிப்பூச்சும் முடித்தார்" என்று வேலையின் பெயர் வர வேண்டும். கொந்தராத்துக்காரர் கடிதம் தரத் தயங்குவது உண்டு. எழுத்தில் தந்தால் பின்னால் சேமலாப நிதி கேட்டு வருவார்களோ என்ற பயம் அது. அவர் மறுத்தால் சண்டை பிடிக்காமல் வீட்டு உரிமையாளர்களிடம் கடிதம் எடுங்கள். வீட்டுத்திட்டத்தில் வேலை செய்தவர் பயனாளியிடம் கேட்கலாம். மூன்று வீட்டுக்காரரின் கடிதம் ஒரு கொந்தராத்துக்காரரின் கடிதத்துக்குக் குறைந்ததல்ல. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் இன்னும் பலம்.

மதிப்பீட்டு நாளில் மதிப்பீட்டாளர் வேலை கொடுத்துப் பார்ப்பார், கேள்வியும் கேட்பார். தமிழில் நடத்த வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த நாளில் போய்ச் சொன்னால் திகதி தள்ளிப்போகும்.

கை வேலை தெரிந்தவர்கள் எங்கே தவறுகிறார்கள்? கிட்டத்தட்ட எப்போதும் கை வேலையில் இல்லை.

மேசன்மார் தடுமாறும் முதல் இடம் வரைபடம். 1:100 அளவுத்திட்டத்தில் 35 மில்லிமீற்றர் என்றால் தளத்தில் 3.5 மீற்றர், 1:50 என்றால் 1.75 மீற்றர். அடியில் பழகியவர் 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதை மனதில் வைத்து ஒரு வாரம் மீற்றரில் அளந்து பழகினால் போதும். இரண்டாவது கலவை. தாச்சிக் கணக்கில் கலப்பவரிடம் "ஒன்றுக்கு ஐந்து என்றால் எதை எதால் அளந்தீர்?" என்று கேட்பார்கள். 50 கிலோ சீமெந்துப் பை ஏறத்தாழ 1.2 கன அடி. 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஏறத்தாழ 14¾ அங்குல உயரத்தில் பலகைப் பெட்டி அடித்தால் ஒரு பைக்கு ஒரு பெட்டி. அதே பெட்டியால் மணல் ஐந்து. கொங்கிறீட் 1:2:4 என்றால் ஒரு பெட்டி சீமெந்து, இரண்டு மணல், நாலு சல்லி. தண்ணீர் கூடினால் ஏன் பலம் குறையும், ஏன் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பொருட்கணக்கு. 10 அடிக்கு 10 அடி சுவர் 100 சதுர அடி. 16 அங்குலம், 8 அங்குல முகமுள்ள சீமெந்துக் கல், இடைச் சாந்தோடு சேர்த்து 128 சதுர அங்குலம், அதாவது 0.889 சதுர அடி. 100ஐ அதால் பிரித்தால் 113 கல். உடைவுக்கு 5 வீதம் சேர்த்தால் 119. இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டுபவரை மட்டம் 4க்கு உரியவராக நினைக்க மதிப்பீட்டாளருக்குக் கஷ்டமில்லை. மூலை எடுக்க மூலைமட்டத்தை மாத்திரம் நம்பாமல் 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணத்தையும் காட்டுங்கள். சீமெந்துக் கல்லிலேயே பழகியவர் செங்கற்கட்டின் இணைப்பு முறைகளை முன்கூட்டியே ஒரு நாள் சாந்தில்லாமல் அடுக்கிப் பாருங்கள்.

வயறிங் செய்பவர்கள் பரிசோதனையில் விடுகிறார்கள். விளக்குச் சுற்றுக்கு 1/1.13 வயர், 13 அம்பியர் பிளக் சுற்றுக்கு 7/0.67 வயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவை முறையே 1 சதுர மில்லிமீற்றர், 2.5 சதுர மில்லிமீற்றர் என்று சொல்லத் தெரிவதில்லை. காவலித் தடையை 500 வோல்ட்டில் மெகரால் அளந்து 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பதையும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தான் எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்பதையும் கற்றுப்போங்கள். பொத்தான் வேலை செய்வதால் வீட்டின் புவித்தொடுப்புச் சரி என்று ஆகாது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளருக்கு வழங்கும் உரிமத்துக்கும் என்.வி.கியூ தகைமைதான் அடிப்படை. ஆகவே வயறிங்காரர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கராஜ்காரருக்கு மல்ரிமீற்றர். நிறைந்த 12 வோல்ட் பற்றறி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும்; எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காதால் கேட்டுப் பிழை கண்டுபிடிக்கும் திறமை பெரியதுதான். மதிப்பீட்டாளர் பார்க்க விரும்புவது அளந்து கண்டுபிடிப்பதை.

எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒன்று: பாதணி. செருப்போடு வேலைக்குப் போகும் பழக்கத்தை மதிப்பீட்டு நாளில் விடுங்கள். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, சாரத்தின் உறுதி பற்றிய கேள்விகளில் தோற்பவர் பலர்.

சில அலகுகளில் தேர்ச்சி இல்லை என்று வந்தால் எல்லாம் போய்விட்டதென்று வீட்டுக்குப் போகாதீர்கள். எந்த அலகுகளில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்ச்சி பெற்ற அலகுகள் பதிவில் இருக்கும். விடுபட்டதற்கு மாத்திரம் மீண்டும் தோற்றலாம்.

கட்டட வேலையில் இருப்பவர்கள் சான்றிதழ் கையில் வந்ததும், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

புதிதாகத் தொழில் கற்பவருக்கு

வன்னிக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம், வவுனியா தொழில்நுட்பக் கல்லூரி, மாவட்டங்களில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பயிற்சிகள், நைட்டா ஊடாக வேலைத்தலத்திலேயே கற்கும் பயிலுனர் முறை. சாப்பாட்டுக்கு உழைத்தாக வேண்டியவருக்குக் கடைசியாகச் சொன்னதே பொருந்தும்: கராஜிலோ வேலைத்தலத்திலோ நின்று கற்கலாம். ஆனால் பயிலுனர் உடன்படிக்கை கையெழுத்தாகி, அதன் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் குறைந்த சம்பள வேலை.

இடைவிலகல் எப்போது நடக்கிறதென்று கவனியுங்கள். ஜனவரியில் சேர்ந்தவர் முதல் இரண்டு மாதத்தில் விடுகிறார். அப்போதுதான் காலபோக அறுவடை, வயலில் காசு புரளும் காலம். தூரத்து ஊர்களில் இருப்பவர் பஸ்ஸால் விடுகிறார். துணுக்காய், பூநகரி, ஒட்டுசுட்டான் உட்பக்கங்களிலிருந்து காலை எட்டரைக்கு வகுப்புக்கு வர முதல் பஸ் சரியாக வர வேண்டும். ஒரு பஸ் தவறினால் அன்றைய நாள் போய்விடும். வரவு குறைந்தால் இறுதி மதிப்பீட்டுக்கு விடமாட்டார்கள். சேர்வதற்கு முன் ஒரு வேலைநாளில் அந்த நேரத்துக்கே போய் வந்து பாருங்கள். விடுதி உண்டா, பருவச்சீட்டுக்கு நிலையம் கடிதம் தருமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

மூன்றாவது காரணம் கிழமைக் கடன். நுண்கடன் நிறுவனத்துக்குக் கிழமைக்கு 1,500 ரூபா கட்டுபவருக்கு ஆறு மாதத்தில் 39,000 ரூபா தேவை. பயிற்சிக் கொடுப்பனவு அதற்குக் காணாது. அதற்காக இன்னொரு கடன் எடுப்பது பயிற்சியையும் குடும்பத்தையும் சேர்த்துக் கவிழ்க்கும். முடிந்தால் பழைய கடன் முடியும் மாதத்துக்கு அடுத்த அனுமதியில் சேருங்கள். முடியாவிட்டால் சனி, ஞாயிறு பகுதிநேரப் பாடநெறி. கட்டணம் இருக்கும், ஆனால் கூலி நிற்காது. "பயிற்சியில் சேர்ந்தால் அஸ்வெசும நின்றுவிடும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் நேரே கேட்டுத் தெளியுங்கள்.

பெண்களுக்கு

பெண் தலைமைக் குடும்பங்கள் அதிகமுள்ள மண் இது. வகுப்பு இரண்டரைக்கு முடிவதா நாலரைக்கு முடிவதா என்பதில் ஒரு தாயின் முழுத் தொழில்வாழ்க்கையும் தங்கியிருக்கும். சேரும்போதே நிலையத்திடம் நேரத்தைக் கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டால் நேரத்தை மாற்றிய நிலையங்கள் உண்டு. பிள்ளை பார்ப்பவருக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, அதைப் பயிற்சிச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள். அம்மம்மா பார்ப்பா என்று விட்ட கணக்குத்தான் அம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் முறிகிறது.

தையல், அழகுக்கலை இரண்டிலும் வன்னிக் கிராமங்களில் செய்பவர் நிறைந்துவிட்டார்கள். குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, உணவுத் தொழில்நுட்பம், மின்னியல், கணினி ஆகியவற்றைத் தள்ளிவிடாமல் பாருங்கள். வயறிங் வேலையில் பெண் ஒருவர் இருந்தால், பகலில் ஆண்கள் இல்லாத வீடுகளுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆடைத்தொழிற்சாலையில் இருப்பவருக்கு மேலே போகும் வழி: உதவியாளர், இயந்திர இயக்குநர், பல இயந்திரம் தெரிந்த இயக்குநர், லைன் பொறுப்பாளர், மேற்பார்வையாளர். நிற்பது பெரும்பாலும் இரண்டாவது படியில். ஒரே தையலை வேகமாகச் செய்பவரை மேலே விட லைனுக்கு மனம் வராது. வேகமே அங்கே கட்டிப்போடுகிறது. இயந்திரம் பழுதாகும் நேரத்திலும் லைன் மாறும் நாளிலும் அடுத்த இயந்திரத்தில் உட்காரக் கேளுங்கள். வினைத்திறன் கணக்கை நீங்களே போடப் பழகுங்கள்: தைத்த எண்ணிக்கையை ஒரு துண்டுக்குரிய நியம நிமிடத்தால் பெருக்கி, வேலை செய்த நிமிடத்தால் பிரித்து, நூறால் பெருக்க வேண்டும். 480 நிமிடத்தில் 420 துண்டு, ஒன்றுக்கு 0.8 நிமிடம் என்றால் 336ஐ 480ஆல் பிரித்து 70 வீதம். மூன்று மாதம் தினமும் எழுதிய கொப்பியோடு பதவியுயர்வு கேட்பவரை "பார்ப்போம்" என்று அனுப்புவது கடினம். இரவு வேலைக்கு ஒரு பெண்ணை அவர் விருப்பமின்றி வற்புறுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிரசவ விடுமுறை 84 நாள். அதை எடுத்ததற்காகப் பதவியுயர்வுப் பட்டியலில் இருந்து பெயர் எடுக்கப்பட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

போரில் காயப்பட்டவர்கள், உறுப்பை இழந்தவர்கள் விண்ணப்பத்திலேயே தேவையான மாற்றத்தை எழுதுங்கள்: உட்கார்ந்து செய்யும் மேசை, கூடுதல் நேரம், பெரிய எழுத்து. எதைச் செய்ய முடியும் என்பதைச் செய்து காட்டுவதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை மற்றவருக்கு உள்ளதுதான்.

வேலைத்தலத்தில்: அடுத்த படியைத் தடுப்பவை

நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் இல்லாத வேலையில் எத்தனை வருடம் நின்றாலும், ஆர்.பி.எல் மதிப்பீட்டுக்கு வெளியே அந்த அனுபவம் பெரும்பாலும் கணக்கில் வராது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மாத்திரம் 3 வீதம். நாட்சம்பளக்காரருக்கும், துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் இது உண்டு. சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள் என்பதற்காகக் கட்டப்படுகிறது என்று நினைக்க வேண்டாம். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு மீதியைப் பாருங்கள். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா, நாளுக்கு 1,200. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நின்றவருக்குப் பணிக்கொடை உரித்து உண்டு. நாலேமுக்கால் வருடத்தில் கோபத்தில் விட்டுவிட்டு வருபவர் அதை இழக்கிறார்.

மொழி பற்றி நேராகச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் படியில் சிங்களமோ ஆங்கிலமோ கேட்கப்படுவது வன்னித் தொழிலாளியைத் தடுக்கும் பெரிய சுவர். ஆனால் அங்கே தேவைப்படுவது இலக்கியம் பேசும் மொழி இல்லை. உங்கள் தொழிலின் இருநூறு சொற்கள், எண்கள், நேரம், பழுதைச் சொல்லும் பத்து வாக்கியம், பொருள் கேட்கும் கடிதம் ஒன்று. தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் பாடநெறிகள் நடத்துகிறது. அது வரும்வரை, வேலைத்தலத்தில் தினமும் நிரப்பும் படிவத்தை ஒரு பிரதி எடுத்து, அதில் உள்ள சொற்களிலிருந்தே தொடங்குங்கள்.

பதவியுயர்வு கேட்கும்போது சம்பளத்தை முதலில் பேசாமல் பொறுப்பைப் பேசுங்கள். சான்றிதழின் பிரதியோடு, இப்போது செய்யும் மேலதிக வேலைகளை எழுதிக் கொடுங்கள். முடிவு சொல்லும் திகதி ஒன்றைக் கேளுங்கள். அந்தத் திகதியும் கடந்து பதில் இல்லை என்றால், அதே சான்றிதழோடு வேறு இடம் பார்ப்பதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

தனியாகக் கொந்தராத்து எடுக்க நினைப்பவர் முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கிடைக்கும் சிறிய வீதி, வாய்க்கால் வேலைகளில் துணையாக நின்று, விலைப்பட்டியலும் அளவுப் பதிவும் எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள். முதல் கொந்தராத்தில் நட்டப்படுபவர்கள் கையில் காசில்லாமல் தொடங்குபவர்கள். வேலை முடிந்து பில் பாஸாகும்வரை ஆட்களின் கூலியைக் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு இந்தச் சான்றிதழைப் பயன்படுத்துபவர், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு ரூபாவும், மூலச் சான்றிதழும் கொடுக்கக் கூடாது.

மட்டம் 4 கிடைத்தவருக்கு, உயர்தரம் படிக்காவிட்டாலும், அதே துறையில் மட்டம் 5 டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்திருக்கிறது. அங்கிருந்து 6, பின்னர் 7. விண்ணப்பிக்கும்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்க வேண்டியவை மூன்று: உங்கள் மட்டம் 4இன் துறை அந்த டிப்ளோமாவுக்கு ஏற்கப்படுகிறதா, கற்பிக்கும் மொழி எது, வார இறுதி வகுப்பு உண்டா. மட்டம் 5இல் ஆங்கிலம் கனக்கத் தொடங்கும். சான்றிதழ் வந்த கிழமையிலிருந்தே அந்த மொழிக்கு நாளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கிவிடுங்கள்.